ஒரு பொட்டலம் கசகசா

சவூதி அரேபியாவின் ஜுபைலில் ஒரு ஒப்பந்த நிறுவனத்தின் தொழிலாளர் கேம்ப்பில் எனக்கு எழுத்தர் வேலை. ஊர் மதரஸாவில் ஓதிய அரபு கொஞ்சம் கைவசம் இருந்ததால், இகாமா என்னும் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிப்பது, ஆஸ்பத்திரிக்குத் துணை போவது, போலீஸ் நிலையத்தில் மொழிபெயர்ப்பது எல்லாம் என் தலையில்தான் விழுந்தன. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் வகுப்பு எடுப்பதும் நானே. ஹெல்மெட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே பெட்டிகளைத் திறக்கச் சொல்லிவிடுவேன்.

அப்போதெல்லாம் விமானத்தில் ஓர் அட்டை கொடுப்பார்கள். போதைப்பொருள் கடத்தினால் மரணம் என்று அதில் சிவப்பு எழுத்தில் அச்சிட்டிருக்கும், அரபிலும் ஆங்கிலத்திலும். நம் ஆட்களில் பாதிப் பேர் அதைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் நீட்டி நிரப்பி வாங்கியவர்கள். சிவப்பு எழுத்து அவர்களோடு பேசவே இல்லை.

ஒருமுறை பரமக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வெல்டர் வந்தான். இருபத்து மூன்று வயதிருக்கும். அவன் பெட்டியில் துணி சுற்றி, சாக்குத் தைக்கும் நூலால் தைத்த பொட்டலம் ஒன்று இருந்தது. வேறு கேம்ப்பில் இருக்கும் நண்பனுக்கு அவன் அம்மா கொடுத்துவிட்டதாம். தையலைப் பிரித்தேன். மல்லிப்பொடி, சுக்கு, நெத்திலிக் கருவாடு, அடியில் செய்தித்தாளில் மடித்த கால் கிலோ கசகசா.

“குருமாவுக்குத்தான் பாய்” என்றான்.

அபின் செடியின் விதைதான் கசகசா. இங்கே நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாத பொருள். சுங்கத்தில் எப்படியோ யார் கண்ணிலும் படாமல் வந்துவிட்டது. கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விட்டேன். போகவில்லை. மிதந்தது, பீங்கானில் ஒட்டியது, வாளி வாளியாக மொண்டு ஊற்றினேன். வாசலில் நின்ற பையனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்குக் கை நடுங்கியது.

அந்த நடுக்கத்துக்குக் காரணம் உண்டு. 1987இல் இந்நாட்டு மார்க்க அறிஞர்களின் உயர்மட்ட அமைப்பான மூத்த உலமாக்கள் சபை, போதைப்பொருள் கடத்துகிறவனைக் கொல்லலாம் என்று தீர்மானம் நிறைவேற்றியது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் அதை எழுத்தில் வைத்தது. ஆனால் இந்தக் குற்றத்துக்கு குர்ஆன் வகுத்துச் சொன்ன தண்டனை எதுவும் இல்லை. ஆட்சியாளரின் விருப்பத்துக்கு விடப்பட்ட ‘தஃஸீர்’ வகை இது. கொலைக் குற்றவாளிக்காவது ஒரு வாசல் திறந்திருக்கிறது: செத்தவனின் வாரிசுகள் மன்னிக்கலாம், உயிருக்கு ஈடான தியத் பணம் பெற்றுக்கொள்ளலாம். எங்கள் கேம்ப்பிலேயே ஒருவருக்காக உண்டியல் குலுக்கியிருக்கிறோம். போதை மாத்திரை கொண்டுவந்தவனுக்கு மன்னிக்க வாரிசு யார்? அரண்மனை ஒன்றுதான். ஓதிப் படித்தவன் என்ற முறையில் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது இதுதான். மன்னர் எடுக்கும் முடிவை அறிவிக்கும் செய்திக்குறிப்பின் தலையில் மட்டும் இறைவசனம் இருக்கும்.

அந்தக் குறிப்புகளைப் படித்துச் சொல்வதும் என் வேலையாகிப்போனது. தண்டனை நிறைவேறிய பிறகே அவை வெளிவரும். பெயர், நாடு, ஆம்ஃபெட்டமின் என்னும் போதை மாத்திரை அல்லது ஹஷீஷ் என்னும் கஞ்சாப் பிசின், அவ்வளவுதான். பெஷாவர்க்காரரான எங்கள் தண்ணீர் லாரி டிரைவர் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் கேட்பார்: “எவ்வளவு வைத்திருந்தானாம்?” நான் படித்தவற்றில் பெரும்பாலும் அளவு இருக்காது. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

2020 தொடக்கத்திலிருந்து இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் இந்த வழக்குகளில் யாருக்கும் தண்டனை நிறைவேற்றப்படவில்லை. குர்ஆனில் சொன்னவை தவிர மற்றவற்றுக்கு மரண தண்டனையை ஒழித்துவிட்டோம் என்று 2022 மார்ச்சில் பட்டத்து இளவரசர் பேட்டியும் கொடுத்தார். நான் நம்பினேன். அந்த நவம்பரில் இரண்டே வாரத்தில் இருபது பேர்.

நாட்டில் போதை இல்லை என்று சொல்ல வரவில்லை. அதே 2022 ஆகஸ்டில் ரியாத்தில் மாவு மூட்டைகளுக்குள் சுமார் 4.7 கோடி மாத்திரைகள் பிடிபட்டன. அதற்கு முந்தைய ஆண்டு லெபனானிலிருந்து வந்த மாதுளம்பழத்துக்குள்ளும் இருந்தன. அத்தனையையும் விலைக்கு வாங்கக்கூடியவன் மாதம் ஆயிரம் ரியால் சம்பளக்காரன் இல்லை. ஆனால் ஆம்னெஸ்டி என்னும் மனித உரிமை அமைப்பின் கணக்கில் 2014 முதல் 2025 ஜூன் வரை போதைப்பொருள் வழக்கில் கொல்லப்பட்ட 597 பேரில் நான்கில் மூவர் வெளிநாட்டினர். பலரும் ஓட்டி வந்தவர்கள், சுமந்து வந்தவர்கள். சுமக்கக் கொடுத்தவனின் பெயரை நான் எந்தக் குறிப்பிலும் படித்ததில்லை.

கடைசியாக விடுப்பு முடிந்து கிளம்பியபோது பக்கத்து வீட்டுப் பெரியம்மா தன் மகனுக்கென்று ஒரு டின் கொண்டுவந்தார். வாய் ஓரம் முழுக்க டேப் சுற்றியிருந்தது. அவர் முன்னாலேயே கத்தியால் கிழித்து, முறுக்கு அத்தனையையும் தாம்பாளத்தில் கொட்டி, டின்னின் அடியைத் தட்டிப் பார்த்தேன்.

“என்னையே சந்தேகப்படுகிறாயா வாப்பா?” என்றார்.

பதில் சொல்லாமல் திரும்ப அடுக்கினேன். நாலைந்து முறுக்கு உடைந்துபோயிருந்தது.