தென்னந்தோப்பில் அகழாய்வுக் குழி

மதுரைக்குத் தென்கிழக்கே 12 கிலோமீட்டரில் கீழடி. அங்கே அகழாய்வு நடந்த பள்ளிச்சந்தைத் திடல் என்றாலே தென்னந்தோப்புதான். சித்திரை வெயிலில் குழிக்குள் குனிந்து நிற்பவருக்கு அந்த நிழல் வரம். மண்ணைப் பார்த்துப் படிக்க வேண்டியவருக்கோ அதே தென்னைதான் வினை.

குழிக்கு எல்லைக் கயிறு கட்டுமுன் தென்னையின் தூரைப் பாருங்கள். தென்னை வேரில் பெரும்பகுதி தூரைச் சுற்றி 2 மீட்டருக்குள் அடங்கும். குழியின் ஓரத்தை அதற்கு வெளியே வைத்தால் மரமும் பிழைக்கும், தோப்புக்காரரும் முகம் சுளிக்கமாட்டார்.

அப்படியும் வேர் வரும். இழுக்கவே கூடாது. ஒன்றை இழுத்தால் தள்ளிக் கிடக்கிற பானை ஓடும் சேர்ந்து எழும்பிவிடும். அது எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பது போச்சு. செடி வெட்டும் கத்தரியால் மண்ணோடு ஒட்ட நறுக்கி, மண் இறங்க இறங்கத் திரும்ப நறுக்க வேண்டும்.

செத்த வேர் அதைவிட மோசம். மக்கிய இடத்தில் மேல்மண் இறங்கி, தரையில் கறுப்பு வட்டமாகத் தெரியும். கரண்டி நுனி பட்டால் பொலபொலவென உதிரும். இதைக் கம்பம் நட்ட குழி என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. வட்டத்தில் பாதியை மட்டும் வெட்டிப் பக்கவாட்டில் பாருங்கள். கம்பக்குழிக்கு அடி என்று ஒன்று இருக்கும். வேர்த்துளை சாய்ந்து, மெலிந்து, எங்கோ போய்க்கொண்டே இருக்கும். அந்த மண்ணை முதலில் எடுத்துத் தனிப் பையில் போடுங்கள். எலி வளைக்கும் இதே வைத்தியம்தான்.

கரித்துண்டு கிடைத்தால் கை படக்கூடாது; அதிலுள்ள கரிமத்தை வைத்துத்தான் ஆய்வகத்தில் வயது கணிப்பார்கள். இடுக்கியால் எடுத்து, அலுமினியத் தாளில் மடித்து, ஆழமும் அடுக்கும் எழுதுங்கள். பஞ்சும் காகிதமும் வேண்டாம், அவையும் கரிமம்தான். கீழடியில் 353 செ.மீ. ஆழத்துக் கரிதான் பொ.ஆ.மு. (கி.மு.) 580 என்று காட்டியது. அப்படிப்பட்ட துண்டில் நூல் வேர் ஒட்டியிருந்து, ஆய்வகத்திலும் தப்பிவிட்டால், வயது குறைந்துவிடும்.

படம் எடுப்பதுதான் பெரிய தலைவலி. ஓலை இடுக்கு வழியே வெயில் புள்ளி புள்ளியாக விழ, மண்சுவரின் நிற வேறுபாடு காணாமல் போகும். விடிந்ததும் வெயில் ஏறுமுன் எடுங்கள்; நேரம் தப்பினால் நாலு பேர் தார்ப்பாயை உயர்த்திப் பிடித்து முழு நிழலாக்கட்டும். அதற்குமுன் சுவரைச் சீவி, தெளிப்பானால் பூப்போல நனைத்தால் அடுக்குக் கோடு எழும்பும். கூடிப்போனால் சேறு வழியும்.

தேங்காய் வெட்டு என்றைக்கு என்று தோப்புக்காரரிடம் கேட்டு வையுங்கள். அன்றைக்குக் குழிக்குள் ஆள் இறங்க வேண்டாம்.