ரிவெட் தலை தெரியும் வரை காத்திருக்காதீர்கள்

இன்று லாரியின் பின் அச்சில் பிரேக் டிரம்மைக் கழற்றியதும் கை நடுங்கிவிட்டது. இடது பக்க லைனிங், அதாவது டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் பட்டை, தேய்ந்து, அதைப் பிடித்திருக்கும் ரிவெட் ஆணியின் தலை டிரம்மை உரசத் தொடங்கியிருந்தது. டிரம் முழுக்க வட்ட வட்டமாகக் கோடுகள். வலது பக்கத்திலோ லைனிங் தடிமனாகவே இருந்தது, ஆனால் சக்கர மையத்தில் எண்ணெயைத் தடுக்கும் ஹப் சீல் கசிந்து எண்ணெயில் ஊறியிருந்தது. எண்ணெய் குடித்த லைனிங்கைத் துடைத்து மறுபடி மாட்டுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிரேக் சரியாகப் பிடிக்காது, வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சீலை மாற்றிவிட்டுத்தான் புது லைனிங்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதாதா என்று ஓட்டுநர் கேட்டார். போதாது. ஒரே அச்சில் இரண்டு பக்கமும் ஒரே தரத்தில் இருந்தால்தான் பிடிப்பு சமமாக வரும்.

ரிவெட்டை நடுவிலிருந்து தொடங்கி ஓரம் நோக்கி அடிக்க வேண்டும், இல்லையென்றால் லைனிங் அதைத் தாங்கும் இரும்பு ஷூவில் ஒட்டி உட்காராது. டிரம்மின் உள்விட்டத்தையும் அளந்தோம். அதிலேயே பொறித்திருக்கும் உச்ச அளவைத் தாண்டியிருந்தால் கடைசல் பிடித்து உட்புறத்தைச் சமப்படுத்துவதில் அர்த்தமில்லை, புதுசுதான்.

அப்புறம் ஒரு வேண்டுகோள், தம்பிகளா. லைனிங் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்கு எமன். ஈரத்துணியால் துடையுங்கள், முகக்கவசம் போடுங்கள். வண்டியை ஜாக்கியில் தூக்குவதற்கு முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கவும் மறக்காதீர்கள்.