அப்பா கேட்ட ஒரே கேள்வி

இன்று கிருஷ்ணகிரியில் கார் புக் பண்ணிவிட்டு வந்தோம். வீட்டின் முதல் கார். மனசு நிறைந்திருக்கிறது.

விலை பேசுவது நினைத்ததைவிட எளிதாக முடிந்தது. கொட்டேஷனில் ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ஒரு வரி. எதற்கு என்று கேட்டதும் பேனாவால் அடித்துவிட்டார்கள். இன்சூரன்ஸை வெளியில் போட்டுக்கொள்கிறோம் என்றோம், அதிலும் இறங்கி வந்தார்கள்.

கடன் விஷயத்தில்தான் மாட்டியிருப்போம். ஆறு லட்சம், ஐந்து வருடம். “வெறும் 7 பெர்சென்ட்தான் சார், பேங்க்ல 9.5 கேப்பாங்க” என்றார் சேல்ஸ் தம்பி. நான் சரி என்றே சொல்லிவிட்டேன். அப்பாதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கால்குலேட்டரைத் தன் பக்கம் இழுத்து வைத்து, “மாசம் எவ்ளோ கட்டணும் தம்பி?” என்று கேட்டார்.

13,500.

பேங்கில் எங்களுக்கு எழுதிக் கொடுத்த தவணை 12,600 சொச்சம்! இங்கே 7 என்பது ஃப்ளாட் வட்டி. அசல் குறைந்துகொண்டே வந்தாலும், கடைசி மாதம் வரை முழு ஆறு லட்சத்துக்கும் வட்டி போடுவார்கள். பேங்கில் மீதி இருக்கும் அசலுக்கு மட்டும்தான். 60 மாதத்தில் கிட்டத்தட்ட 54,000 ரூபாய் வித்தியாசம். மாந்தோப்பு வைத்து மண்டியில் முன்பணம் வாங்கிப் பழகிய மனிதருக்கு அது உடனே பிடிபட்டுவிட்டது.

கார் எடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து பெர்சென்டை விட்டுவிட்டு மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்று கேளுங்கள். பிராசஸிங் கட்டணம், முன்கூட்டியே கடனை அடைத்தால் பிடிப்பது, இரண்டையும் எழுதி வாங்குங்கள்.

பேங்க் கடன்தான் போட்டிருக்கிறோம். வண்டி வந்ததும் முதலில் அப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்து கே.ஆர்.பி. அணைக்குப் போகிறோம்.