சாலை மறியல் வழக்கு மதுரையில் ரத்தானது எப்படி

எங்கள் ஊர் பேராவூரணி பக்கம். புதாறு என்று நாங்கள் சொல்லும் கல்லணைக் கால்வாயின் கடைமடை. ஒரு சம்பாவில் தண்ணீர் வந்து சேராமல் நாற்று கருகியதால் மறியல் செய்தோம். போலீஸ் எங்களைக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விட்டுவிட்டார்கள். இரண்டு வருடத்துக்கும் மேல் கழித்து வீடு தேடி சம்மன் வந்தது: இந்திய தண்டனைச் சட்டம் (இ.த.ச.) 143 (சட்டவிரோதமாகக் கூடுதல்), 188 (அதிகாரியின் உத்தரவை மீறுதல்), 341 (வழிமறித்தல்).

இதுபோன்ற வழக்கில் பலரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடுவார்கள். வாய்தாவுக்கு அலைவதைவிட அது லேசு. ஆனால் தண்டனை பெற்றதாகப் பதிவாகிவிடும். எங்களோடு அரசு வேலைக்குப் பரீட்சை எழுதும் பையன்களும் இருந்தார்கள். அதனால் வழக்கையே ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் குவாஷ் மனு போட முடிவு செய்தோம். தஞ்சை மாவட்டத்துக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. திருவாரூர், நாகைக்காரர்கள் சென்னைக்குப் போகவேண்டும்.

வக்கீல் முதலில் பார்த்தது தேதிகளைத்தான். மூன்று பிரிவுக்கும் அதிகபட்சத் தண்டனை ஓராண்டைத் தாண்டாது. அப்படியானால் குற்ற விசாரணை முறைச் சட்டம் (கு.வி.மு.ச.) 468-ன்படி வழக்கைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரக் காலவரம்பு ஒரு வருடம். தாமதத்தை மன்னிக்க 473-ல் வழி உண்டு; போலீஸ் அதைக் கேட்கவே இல்லை. 188-க்கு உத்தரவு போட்ட அதிகாரியோ அவருக்கு மேலுள்ளவரோ எழுத்தில் புகார் தரவேண்டும், போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று 2018-லேயே ஜீவானந்தம் வழக்கில் மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது.

நீதிபதி மறியலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. சம்பவம் என்றைக்கு, சார்ஜ் ஷீட் என்றைக்கு என்றுதான் கேட்டார். அரசு வக்கீல் கட்டைப் புரட்டி இரண்டு தேதியையும் வாசித்தார். வழக்கு ரத்து. நாங்கள் செய்தது சரியா தப்பா என்று உத்தரவில் ஒரு வரிகூட இல்லை. தண்ணீர் கேட்டது நியாயம்தான் என்று நீதிமன்றம் சொல்லும் என எதிர்பார்த்த எங்கள் ஊர்ப் பெரியவருக்கு மனசு ஆறவில்லை. எனக்கும் அந்தக் குறை உண்டு.

மனுவில் சேராதவர்கள் மேலிருந்த வழக்கும் ரத்தாகும்படி வக்கீல் கேட்டு உத்தரவில் சேர்க்க வைத்தார். வெளியூருக்குக் கூலி வேலைக்குப் போனவர்கள் அதனால்தான் தப்பினார்கள். இதை உங்கள் வக்கீலிடம் கட்டாயம் சொல்லுங்கள். அப்புறம் உத்தரவின் சான்றிட்ட நகலை மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் ஸ்டேஷனிலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஸ்டேஷன் பதிவேட்டில் வழக்கு நிலுவை என்றே கிடந்தால் பாஸ்போர்ட் விசாரணையில் இடிக்கும். இப்போது மனு போடுபவர்களுக்கு, கு.வி.மு.ச.வுக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் குவாஷ் மனு 528-லும் காலவரம்பு 514-லும் இருக்கிறது.