குட்டி யானை லோனும் ஆர்பிட்ரேஷன் நோட்டீஸும்

போன மாசம் வீட்டுக்காரியோட தம்பி கையில ஒரு ரெஜிஸ்டர் தபாலோட வந்து நின்னான். குட்டி யானை வாங்க ஒரு ஃபைனான்ஸ்ல லோன் போட்டிருந்தான், மூணு டியூ நின்னு போச்சு, இப்போ "இன்னார ஆர்பிட்ரேட்டரா நியமிச்சிருக்கோம், சென்னைக்கு வாங்க"ன்னு லெட்டர். ஆர்பிட்ரேஷன்னா கோர்ட்டுக்குப் போகாம ஒரு நடுவர வெச்சு தகராற தீர்க்கறது, அந்த நடுவர்தான் ஆர்பிட்ரேட்டர். "மாமா, நான் எப்போ இதுக்கெல்லாம் ஒத்துக்கிட்டேன்?"னு கேட்டான், பாவமா இருந்துச்சு.

அக்ரிமென்ட்ட தேடி எடுத்தோம். பொடி எழுத்து, முழுக்க இங்கிலீஷ், பக்கத்துக்குப் பக்கம் இவன் கையெழுத்து. கடைசிக்கு கொஞ்சம் முன்னாடி அந்த கிளாஸ், அதாவது ஷரத்து, இருக்கு, தகராறு வந்தா ஆர்பிட்ரேஷன், ஆர்பிட்ரேட்டர கம்பெனியே நியமிக்கும். படிக்காம போட்டேன்னு சொன்னா மட்டும் கோர்ட்ல எடுபடாது, அது கஷ்டமான உண்மை.

ஆனா அன்னிக்கு ராத்திரி உக்காந்து படிச்சப்போ தெரிஞ்சது, ரெண்டு பேரோட சம்மதத்த சட்டம் ரொம்ப பெருசாவே எடுத்துக்குது. 1996 ஆர்பிட்ரேஷன் சட்டத்துல 7வது பிரிவு, ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும்னு சொல்லுது. 2007ல ஜகதீஷ் சந்தர் கேஸ்ல, "ரெண்டு பேரும் முடிவு பண்ணா ஆர்பிட்ரேஷனுக்கு போகலாம்"ங்கற மாதிரி இருந்த கிளாஸ், ஒப்பந்தமே இல்லைன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, ஏன்னா அதுல இனிமேதான் சம்மதம் வாங்கணும். 2018ல கேரளா மின்வாரிய கேஸ் இன்னும் பிடிச்சது, வக்கீல்கள் வாயால சரின்னு சொன்னத வெச்சு ஹைகோர்ட் ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்பிடுச்சு, கட்சிக்காரங்க எழுதிக் குடுக்காம அது செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு.

எங்களுக்கு நேரா வந்து உதவினது 2019 பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் தீர்ப்புதான். கேஸ் முடிவுல தனக்கு லாப நஷ்டம் இருக்கறவங்க தாங்களே அந்த ஒத்தை ஆர்பிட்ரேட்டர நியமிக்கக் கூடாது. 2024 நவம்பர்ல அரசு நிறுவன ஒப்பந்தம் பத்தின ரயில்வே கேஸ்ல அஞ்சு நீதிபதிகள் பெஞ்சும் அதே திசையிலதான் பேசிச்சு. கோர்ட் வேணாம், நடுவர் போதும்னு ஒத்துக்கறது வேற, எதிராளி கைகாட்டற ஆளுக்கு ஒத்துக்கறது வேற, ரெண்டையும் ஒரே கையெழுத்துல மூட்ட கட்டறது எனக்கு நியாயமாவே படல.

இப்போ முக்கியமான விஷயம். அந்தக் கவர்ல இன்னொரு தாளும் இருந்துச்சு, "இந்த ஆர்பிட்ரேட்டர் மேல எனக்கு ஆட்சேபணை இல்லை", கீழ கையெழுத்து போட கோடு. இவன் பேனாவ எடுத்துட்டான், நான் கைய பிடிச்சு தடுத்தேன். அதே 1996 சட்டத்தோட 12(5) பிரிவு என்ன சொல்லுதுன்னா, தகுதியில்லாத ஆளா இருந்தாலும், தகராறு வந்ததுக்கு அப்புறம் நீங்களே எழுத்துல ஒத்துக்கிட்டா அவரே விசாரிக்கலாம். அதனால முதல்ல போட்ட கையெழுத்த விட இந்த ஒரு கையெழுத்துதாங்க ஆபத்து.

அதுக்காக நோட்டீஸ தூக்கி பரண்ல போட்டுடாதீங்க. நீங்க போகலன்னாலும் ஆர்பிட்ரேட்டரோட தீர்ப்பு வரும், அத கோர்ட் டிகிரி (தீர்ப்பாணை) மாதிரியே நிறைவேத்தலாம், எதிர்க்கணும்னா அந்தத் தீர்ப்பு கைக்கு கிடைச்சதுலேர்ந்து மூணு மாசம், தக்க காரணம் இருந்தா இன்னும் 30 நாள், அவ்ளோதான்.

நாங்க ஒரு வக்கீல பார்த்து, "பாக்கி இருக்கறத மறுக்கல, ஆனா நீங்க மட்டும் நியமிச்சவர ஏத்துக்கல, ரெண்டு பேரும் சேர்ந்து ஒருத்தர சொல்லுவோம்"னு பதில் எழுதி ஒப்புகை அட்டையோட அனுப்பியிருக்கோம். அட்டை இன்னும் திரும்பி வரல.