மழையின் அளவு சரி, வந்த வழி சரியா?

வட்டாரக் காலநிலை மாதிரிகள், அதாவது ஒரு பகுதியின் காலநிலையைக் கணினியில் கணக்கிடும் நிரல்கள், தரும் மழைக் கணக்கைப் பதிவான மழையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே சில ஆண்டுகளாக என் வேலை. உலகளாவிய மாதிரிகள் பூமிப்பரப்பைப் பிரித்துக் கணக்கிடும் கட்டங்கள் பெரும்பாலும் நூறு கிலோமீட்டர் அளவில் இருக்கும். வட்டார மாதிரியோ ஒரு நிலப்பரப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, காற்று, வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றின் நிலையை விளிம்புகளில் வெளியிலிருந்து பெற்று, உள்ளே 50 அல்லது 25 கிலோமீட்டர் நுணுக்கத்தில் கணக்கிடுகிறது. உலகக் காலநிலை ஆய்வுத் திட்டம் வட்டார மாதிரிகளை ஒருங்கிணைக்க 2009இல் தொடங்கிய கார்டெக்ஸ் முயற்சியில் தெற்காசியாவுக்கென ஒரு பிரிவு உண்டு. அதன் தரவுகளைத் தமிழ்நாட்டின் மழையோடு ஒப்பிடும் பணியில்தான் நான் சொல்லப்போகும் சிக்கல்களைக் கண்டேன்.

எங்கள் குழு ஆராய்ந்த மாதிரிகளுள் ஒன்று, மேற்கு மாவட்டங்களின் ஆண்டு மழையை வியக்கத்தக்க துல்லியத்துடன் தந்தது. ஆண்டுச் சராசரியை மட்டும் பார்ப்பவர் அதையே முதலிடத்தில் வைப்பார். மாதவாரியாகப் பிரித்தபோது, தென்மேற்குப் பருவத்தில் பெய்யக்கூடாத மழை அதில் பெய்திருந்தது. வடகிழக்குப் பருவத்தில் பெய்ய வேண்டிய மழை பெய்யவில்லை. ஒன்றின் மிகுதி மற்றொன்றின் குறைவை ஈடுகட்டியதால் கூட்டுத்தொகை சரியாக வந்திருந்தது. காரணம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருந்தது. 2,695 மீட்டர் உயர ஆனைமுடியையும் அதைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளையும் ஒரே கட்டத்துக்குள் வைத்துச் சராசரி எடுத்தால் மலைமுகடு பெரிதும் தாழ்ந்துவிடும். கேரளத்துச் சரிவிலேயே பெய்து தீர வேண்டிய ஈரம் தாழ்ந்த முகட்டைத் தாண்டி, மழைமறைவுப் பகுதியான கோயம்புத்தூர்ச் சமவெளியிலும் பெய்துவிடுகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. அந்தப் பருவத்தைத் தவறவிட்ட மாதிரியை, ஆண்டுக் கணக்கு சரியாக இருக்கிறது என்பதற்காக ஏற்றுக்கொள்ள முடியாது. நீலமும் பச்சையுமாக ஒளிரும் ஆண்டுச் சராசரி வரைபடத்தைத் திரையில் காட்டி 'நன்றாக ஒத்துப்போகிறது' என்று முடிக்கும் உரைகளை நான் இப்போது சற்றுச் சந்தேகத்தோடுதான் கேட்கிறேன்.

நாள்வாரியாக ஒப்பிடுவதற்கு முன் நாள் என்பது எப்போது தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறை, காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேர மழையை அந்தத் தேதிக்குரியதாகப் பதிவு செய்கிறது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி பகலிலும் இரவிலும் தாம்பரத்தில் கொட்டிய 49 செ.மீ. மழை, இவ்வழக்கப்படி 2ஆம் தேதியின் கணக்கில் நிற்கிறது. பெரும்பாலான மாதிரிகளின் நாளோ கிரீன்விச் நள்ளிரவில், அதாவது நம் நேரப்படி காலை 5.30க்குத் தொடங்குகிறது. இதைச் சரிசெய்யாமல், இரண்டு கணக்குகளும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிட்டால், நல்ல மாதிரியும் மோசமான மதிப்பெண்ணே பெறும்.

வெப்பமண்டல மழையின் கடினம் அது பிறக்கும் விதத்தில் இருக்கிறது. மேலைநாடுகளின் குளிர்கால மழையைப் பெரும்பாலும் பல நூறு கிலோமீட்டர் அகலமுள்ள காற்றமைப்புகள் கொண்டுவருகின்றன. மாதிரி அவற்றை நேரடியாகக் கணக்கிட்டுவிடும். இங்கோ மழையின் பெரும்பகுதி வெப்பச்சலனத்தால் எழும் மேகங்களிலிருந்து வருகிறது. ஒரு மேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான். 25 கிலோமீட்டர் கட்டத்துக்குள் அது தெரியாது என்பதால், 'இவ்வளவு ஈரமும் இவ்வளவு நிலையின்மையும் இருந்தால் இவ்வளவு மழை' என்ற விதியை எழுதி வைக்கிறார்கள். இமானுவேல், டீட்கே, கெயின்-ஃபிரிட்ச் எனப் பல விதித்தொகுப்புகள் உண்டு. ஒரே மாதிரியில் விதியை மட்டும் மாற்றினாலே மழையின் வரைபடம் வேறாகிவிடுகிறது. இவ்விதிகள் பெரும்பாலும் அவசரக்காரர்கள். உள்மாவட்டங்களில் கோடை இடிமழை மாலையிலும் முன்னிரவிலும் வருவது வழக்கம். மாதிரியில் அது நண்பகலிலேயே தொடங்கிவிடுகிறது. அதோடு, மூன்று நாள் வெயிலுக்குப் பின் ஒரே மாலையில் கொட்டித் தீர்க்க வேண்டிய மழை நாள்தோறும் தூறலாகக் கசிகிறது. மாத மொத்தம் மாறுவதில்லை. ஆனால் ஏரிக்கு நீர் வருவது தூறலால் அல்ல என்பதை எந்த விவசாயியும் சொல்லிவிடுவார். எனவே 2.5 மி.மீ.க்குக் குறையாத மழைநாள்களின் எண்ணிக்கையையும், கனமழை நாள்களின் பங்கையும், மழை உச்சம்பெறும் நேரத்தையும் தனித்தனியே கணக்கிட்ட பிறகே இப்போது சராசரியைப் பார்க்கிறேன்.

ஒப்பிடுவதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் அவதானங்களும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல. வானிலைத் துறையின் கால் பாகை (ஏறக்குறைய 27 கிலோமீட்டர்) கட்டத் தரவு 6,955 மழைமானிகளின் பதிவுகளிலிருந்து உருவானது. ஆயினும் மலைகளில் மழைமானிகள் குறைவு. செயற்கைக்கோளின் நுண்ணலைக் கருவிகள் நிலத்தின்மேல் பெரும்பாலும் மேகத்திலுள்ள பனித்துகள்களைக் கொண்டே மழையை அனுமானிப்பதால், மலைச்சரிவில் பனியில்லாத தாழ்வான மேகங்கள் தரும் மழையைக் குறைத்துக் காட்டுகின்றன. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்த 95 செ.மீ. மழையும் கட்டத்தின் சராசரிக்குள் போனபின் வெகுவாகச் சுருங்கும். ஒன்றுக்கு மேற்பட்ட அவதானத் தொகுப்புகளை வைத்து, அவற்றுக்கிடையிலான வேறுபாட்டைவிட மாதிரியின் பிழை பெரிதா என்று முதலில் பார்ப்பது இதனால்தான்.

நீர்வளத் திட்டங்களுக்காக எங்களிடம் வருவோர் பெரும்பாலும் பிழை திருத்தப்பட்ட தரவையே கேட்கிறார்கள். மாதிரியில் எவ்வளவு மழை எத்தனை முறை பெய்கிறது என்ற பரவலைப் பதிவான மழையின் பரவலோடு பொருத்தி, ஒவ்வொரு மதிப்பையும் மாற்றியமைக்கும் முறை எளிதானது. கடந்த காலத்துக்கு அது அநேகமாகக் குறையற்ற விடையைத் தரும். ஆனால் மலையைத் தாண்டி வழிந்த ஈரத்தால் பெய்த மழையை எண்ணில் குறைத்துவிட்டதால் அந்த ஈரம் வழிவது நின்றுவிடாது. எதிர்காலத்தில் தென்மேற்குக் காற்று வலுத்தால் கோயம்புத்தூரில் மழை கூடும் என்று அம்மாதிரி சொல்லும்போது, அந்தக் கூடுதலும் அதே தாழ்ந்த முகட்டின் வழியாகவே வருகிறது. ஆகவே திருத்திய தரவைக் கொடுக்கும்போது, எந்த மாவட்டத்தில் எந்தப் பருவத்துக்கு அதைப் பயன்படுத்தலாம், எங்கே கூடாது என்று ஓர் அட்டவணையையும் இணைக்கிறோம். மேற்கு மாவட்டங்களின் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான அட்டவணைக் கட்டங்களில் பல, அந்த மாதிரியைப் பொறுத்தவரை, 'பயன்படுத்த வேண்டாம்' என்ற குறிப்போடுதான் போகின்றன. அந்தக் குறிப்பைக் கண்டு முகம் சுளிப்பவர்களும் உண்டு. அணைக்கான கணக்கைப் போடும் பொறியாளர்கள் மட்டும் இதுவரை அதைப் பற்றிக் குறை சொன்னதில்லை.