அப்பாவின் ஆராதனைக்காக வீட்டில் ஒரு ரெக்கார்டர்

திருவையாறு தியாகராஜ ஆராதனைக்கு அப்பா முப்பது வருடத்துக்கு மேல் கும்பகோணத்திலிருந்து பஸ் பிடித்துப் போய் வந்தவர். முழங்கால் வலி வந்த பிறகு அது நின்றுபோனது. பகுள பஞ்சமியன்று காலையில் தூர்தர்ஷன் நேரலையைப் பார்ப்பதோடு சரி. "ஒரு தடவை கேட்டா மனசு ஆறலைடா. சாயங்காலம் திரும்பப் போட்டுக் கேட்கிற மாதிரி ஏதாவது செய்யேன்" என்று மார்கழித் தொடக்கத்தில் சொன்னார்.

இணையத்தில் தேடினால் கிடைக்கும்தான். ஆனால் அப்பாவுக்கு மொபைலில் தேடிப் பழக்கமில்லை. ஹால் டிவியில், கையிலிருக்கும் ரிமோட்டிலேயே வரவேண்டும். மொட்டை மாடியில் ஃப்ரீ டிஷ் ஏற்கெனவே இருக்கிறது. ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கை அளவுக் கணினி, டிஷ் சிக்னலை அதற்குக் கொடுக்க யூஎஸ்பியில் செருகும் டிவிபி-எஸ்2 டியூனர், 1 டிபி ஹார்ட் டிஸ்க், பதிவு செய்ய டிவிஹெட்எண்ட் என்ற இலவச மென்பொருள், டிவியில் பார்க்க 'கோடி' (Kodi) என்ற மென்பொருள். இரண்டு நாள் வேலை என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது.

முதல் இடி டிஷ்ஷிலேயே விழுந்தது. ஒரே கேபிளை ஸ்ப்ளிட்டர் போட்டுப் பிரித்து, ஒன்றை அம்மாவின் செட்டாப் பாக்ஸுக்கும் இன்னொன்றை டியூனருக்கும் கொடுத்தேன். நான் ஸ்கேன் போட்டதும் அம்மாவின் சீரியல் நின்றுவிட்டது. டிஷ்ஷின் முனையில் சிக்னலை வாங்கும் துண்டுக்கு எல்என்பி என்று பெயர். அதற்குக் கீழே இருந்து போகிற மின்சாரம்தான் உத்தரவு. 13 வோல்ட் போனால் செங்குத்து அலைகள், 18 வோல்ட் போனால் கிடைமட்ட அலைகள். இரண்டு பெட்டிகள் ஒரே கம்பியில் ஆளுக்கொரு வோல்டேஜ் அனுப்பினால் எல்என்பி எதைக் கேட்கும்? டிஷ் மாட்டிக் கொடுத்த தம்பி வந்து பார்த்துவிட்டு, "ஸ்ப்ளிட்டர் ஆகாது சார், ட்வின் எல்என்பி மாத்திடுங்க, தனிக் கேபிள் இழுத்துடலாம்" என்றார். அப்படியே செய்தோம்.

அப்படியும் டியூனரில் சிக்னல் பூஜ்யம். இரண்டு நாள் மென்பொருளிலேயே தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் கேபிள் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் தெரிந்தது. மேல் உறைக்குள் இருக்கும் வெள்ளிப் பின்னலில் ஒரே ஒரு இழை, முடி மாதிரி, நடுச் செம்புக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதை நறுக்கி, கனெக்டரைத் திரும்ப முறுக்கியதும் சிக்னல் ஏறியது. ஆனால் சேனல் ஒன்றும் வரவில்லை. அதற்குக் காரணம் வேறு: டியூனரை இயக்கும் ஃபர்ம்வேர் என்ற கோப்பு சிஸ்டத்தில் இல்லை. கணினி தானே எழுதி வைக்கும் கெர்னல் குறிப்புகளில் அந்தக் கோப்பின் பெயரே எழுதியிருந்தது. முதல் நாளே படித்திருக்க வேண்டும். அலைவரிசை எண்களைச் செட்டாப் பாக்ஸின் மெனுவிலிருந்தே பார்த்து எழுதிக்கொண்டேன். எல்என்பி வகையும் அங்கேயே இருந்தது, 9750/10600 என்று. செயற்கைக்கோள் ஜிசாட்-15, கிழக்கே 93.5 பாகை. அன்று ராத்திரி சேனல்கள் வரிசையாக ஏறியதைப் பார்க்க அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அப்புறம்தான் பெரிய சோதனை. எங்களுக்கு வேண்டிய சேனலில் நிகழ்ச்சி விவரப் பட்டியல் சரியாக வரவில்லை. அதனால் நேரத்தை நாமே குறித்துத் தினசரி டைமர் போடவேண்டும். காலை 6 மணிப் பாட்டு நிகழ்ச்சிக்கு ஒரு டைமர் வைத்தேன். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து ஆசையாகத் திறந்தால், உள்ளே யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள். பதிவான நேரம் 11.30. ஐந்தரை மணி நேரத் தள்ளல் என்றதும் புரிந்தது: கணினியின் நேர மண்டலம் இன்னும் லண்டனிலேயே இருந்தது, நான் மாற்றவே இல்லை. கொல்கத்தா என்று மாற்றியதும் சரியானது.

நேரம் இன்னொரு வழியிலும் கழுத்தை அறுத்தது. இந்த பை 4 போர்டில் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய் வந்தால் இணையத்தில் கேட்டுத்தான் நேரம் தெரிந்துகொள்ளும். ரவுட்டர் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாகும். அதுவரை பழைய நேரத்திலேயே ஓடும். டிஎஸ் 3231 என்ற சின்னக் கடிகாரத் துண்டை, காசு பேட்டரியோடு, போர்டின் பின்களில் செருகினேன். பை, ரவுட்டர் இரண்டையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினேன்.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது ஹார்ட் டிஸ்க்தான். வீட்டில் கிடந்த மொபைல் சார்ஜரில் பையை ஓட்டியதில் வோல்டேஜ் தாழ்ந்து, டிஸ்க் நடுவில் கழன்று கழன்று போனது. டிஸ்க் இல்லாவிட்டாலும் அது இருக்கவேண்டிய ஃபோல்டர் காலியாக அங்கேயே இருக்கும் அல்லவா? பதிவு எந்தப் புகாரும் இல்லாமல் அதற்குள், அதாவது சின்ன மெமரி கார்டிலேயே, போய் விழுந்தது. கார்டு நிரம்பி எல்லாம் நின்றது. அந்த வாரம் அப்பா கேட்க ஆசைப்பட்ட இரண்டு கச்சேரிகள் போய்விட்டன. பிழை என்று ஒரு வரி சொல்லியிருந்தால் காப்பாற்றியிருப்பேன். இப்போது 3 ஆம்பியர் அடாப்டர், டிஸ்க்குக்குத் தனி மின்சாரம் உள்ள ஹப் என்று மாற்றியிருக்கிறேன். டிஸ்க் கணினியோடு இணையாவிட்டால் டிவிஹெட்எண்ட் தொடங்கவே கூடாது என்றும் எழுதி வைத்தேன். இதைச் செய்கிற யாரும் பச்சை விளக்கை நம்ப வேண்டாம். தினமும் ஒரு பதிவைத் திறந்து இரண்டு நிமிஷமாவது ஓட்டிப் பாருங்கள்.

வைஃபையில் படம் திக்கியதற்கு லேன் கேபிள் இழுத்தேன். பைக்கு மாறாத ஐபி எண் ஒன்றை ரவுட்டரில் ஒதுக்கினேன். இல்லாவிட்டால் டிவி அதைத் தொலைத்துவிடுகிறது.

ஆராதனையன்று 9 மணி பஞ்சரத்னத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி கூடுதலாக வைத்திருந்தேன். நேரலையாகப் பார்த்துக்கொண்டே, மொபைலில் கோப்பின் அளவு ஏறுகிறதா என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்தேன். ஏறியது. சாயங்காலம் காபி குடித்துவிட்டு அப்பா ரிமோட்டை எடுத்தார். நாட்டை ராகத்தில் 'ஜகதானந்த காரகா' தொடங்கியதும் கை தொடையில் தாளம் போட்டது. கௌளையில் 'துடுகு கல' முடிந்ததும் நிறுத்தினார்.

"இதைத் திருப்பி முதல்லேர்ந்து போடலாமா?"

"நீங்களே அந்த இடது பட்டனை அமுக்குங்கப்பா."

அமுக்கினார். வந்தது. அந்தக் கோப்பை ஒரு பென் டிரைவிலும் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன்.